வயிற்றுப்போக்கு நோயும் நமது குடிநீரும்

(அவிநாசிபாளையத்தில் நடைபெற்ற வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவதே மரபு. பட்டம் பெற்றோரைப் பாராட்டுவதும், பெறவிருப்போரை ஊக்குவிப்பதும் இவ்விழாவுக்கு உரிய கடமைகளே. அவற்றை நண்பர்கள் செவ்வனே செய்து முடித்துவிட்டனர். எனவே, மேடைகளில் எவரும் எடுத்துப் பேச விரும்பாத ஒரு பொருளை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். அது குழந்தைகளின் வயிற்றுப்போக்கு நோய்.

கல்விக்கும் இந்நோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மிக நெருங்கிய தொடர்பு உண்டு. பிறந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து வயிற்றுப்போக்குக்கு ஆளாகும் குழந்தை, உண்ட உணவின் சத்தை உடலில் சேர்க்க இயலாமல் இளைக்கிறது. இளைத்த உடலை நோய் மீண்டும் எளிதில் பற்றுகிறது. எடை குறைந்து, வளர்ச்சி குன்றி, அக்குழந்தை ஐந்தாம் வயதில் பள்ளி வாயிலை மிதிக்கும்போதே பிறரைவிடப் பின்தங்கி நிற்கிறது. மூத்த பிள்ளைகளின் நிலையும் இதுவே. பனியன் கம்பெனிக்குப் போகும் தாய் ஒருநாள் ஷிப்டை விட்டால் ஒருநாள் கூலி போயிற்று. ஆகவே நோயுற்ற கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்துகிறோம். வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று விழும் குறிக்குப் பின்னால் எத்தனை முறை இந்நோய் ஒளிந்திருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. இன்று எண்ணிப் பார்ப்போம்.

நோயின் இயல்பு

ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ இளகலாகவோ நீராகவோ மலம் கழிந்தால் அதனை வயிற்றுப்போக்கு என்று மருத்துவ நூலோர் வரையறுத்துள்ளனர். திடீரெனத் தோன்றி 14 நாட்களுக்குள் நிற்பது கடுமைத் தொடக்க வயிற்றுப்போக்கு. 14 நாட்களும் அதற்கு மேலும் நீடிப்பது நெடுநாள் வயிற்றுப்போக்கு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை அடிக்கடி இளகலாகக் கழிப்பது இயல்பானது, அது நோயன்று.

இந்நோய் உயிரைக் குடிப்பது எவ்வாறு? கிருமி குடலைத் தாக்குகிறது. உடலிலுள்ள நீரும் உப்பும் மலத்தோடு வெளியேறுகின்றன. பெரியவர்க்கு ஒரு செம்பு நீர் பெரிதன்று. ஐந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கோ அரை லிட்டர் நீர் இழப்பு உயிருக்கே கேடு. கிருமியைவிட நீர் வற்றுதலே பெரும்பாலான குழந்தைகளைக் கொல்கிறது. இவ்வொன்றை மனத்தில் பதித்துக்கொண்டால், பின்னர்க் கூறப்போகும் மருத்துவம் எளிதில் விளங்கும்.

எத்துணைப் பரவலானது?

உலகச் சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட குறிப்பின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 170 கோடி முறை குழந்தைகள் வயிற்றுப்போக்குக்கு ஆளாகின்றனர். ஐந்து வயதுக்குட்பட்ட 4,43,832 குழந்தைகள் ஆண்டுதோறும் அதனால் மடிகின்றனர். ஒரு மாதம் நிரம்பியது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் இறப்புக் காரணங்களில் இதற்கு மூன்றாம் இடம்.

நம் நாட்டின் நிலை யாது? தேசியக் குடும்ப நல ஆய்வு என்பது வீடு வீடாகச் சென்று நடத்தப்பெறும் பெருங்கணக்கெடுப்பு. 'கடந்த இரண்டு வாரத்துக்குள் உங்கள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்ததா?' என்று அதில் தாய்மாரிடம் கேட்கின்றனர். 2015-16இல் நடந்த நான்காம் ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 9.2 பேருக்கு வந்ததாகத் தெரிந்தது. 2019-21இல் நடந்த ஐந்தாம் ஆய்வில் அது 7.3 ஆகக் குறைந்தது.

ஏழு சதவீதம்தானே என்று அமைதி கொள்ளலாகாது. இது இரண்டே வாரக் கணக்கு. ஓர் ஆண்டுக்கு 26 இரு வாரங்கள் உண்டு. 7.3ஐ 26ஆல் பெருக்கினால் 100 குழந்தைகளுக்கு ஏறத்தாழ 190 முறை என்று வருகிறது. தோராயமான கணக்குத்தான், எனினும் சராசரியாக ஒவ்வொரு குழந்தையும் ஆண்டுக்கு இருமுறை இந்நோய்க்கு ஆளாகிறது என்னும் உண்மையை அது காட்டுகிறது. சராசரி என்பதும் நம்மை ஏமாற்ற வல்லது. தூய நீர் வரும் தெருவில் ஆண்டு முழுதும் நோயறியாத குழந்தையும், மாசுற்ற நீர் பருகும் குடியிருப்பில் நான்கைந்து முறை படுக்கும் குழந்தையும் சேர்ந்துதான் அச்சராசரி பிறக்கிறது. நம் குழந்தை எப்பக்கத்தில் நிற்கிறது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

இவ்வகையில் நம் தமிழகம் உலகுக்கு அளித்த ஓர் அரிய ஆய்வைக் குறிப்பிட விழைகிறோம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறிஞர்கள், வேலூர் நகரின் ஏழை மக்கள் குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைப் பிறந்த நாள் முதல் மூன்று வயது வரை இடைவிடாது தொடர்ந்து கவனித்தனர். மூன்றாண்டும் முழுமையாகக் கவனிக்கப்பெற்ற குழந்தைகள் 373. ஆய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் என்னும் கிருமி, ஆறு மாதம் நிரம்புமுன்பே 100க்கு 56 குழந்தைகளைத் தொற்றியிருந்தது. ஒருமுறை வந்தால் மறுமுறை வாராது என்று நம்பவும் இடமில்லை. மூன்று முறை தொற்றிய பின்னரும் கடுமையான நோயிலிருந்து கிடைத்த காப்பு 79 சதவீதமே. கிருமிகள் நெருங்கிச் சூழ்ந்த இடத்தில் வாழும் குழந்தைக்கு இயற்கை தரும் காப்பும் குறைந்தே கிடைக்கிறது என்பதை இவ்வாய்வு காட்டிற்று.

கிருமி வரும் வழிகள்

வைரஸ், பாக்டீரியா, அமீபா எனக் கிருமிகள் பலவகைப்பட்டவை. ஆயினும் அவை வரும் வழி ஒன்றே: ஒருவரது மலத்திலிருந்து மற்றொருவரது வாய்க்கு. கேட்கக் கூசும் உண்மைதான். கூசிப் பேசாமல் இருந்ததால்தான் நோய் வாழ்கிறது. குடிநீர், கைவிரல், ஈ, மண், உணவு ஆகிய ஐந்தும் அவ்வழியின் வாகனங்கள்.

நம் திருப்பூர் வட்டாரத்தில் இவ்வாகனங்கள் எவ்வாறு ஓடுகின்றன என்று பார்ப்போம். நமக்கு வடக்கே ஓடும் நொய்யல் ஆறு சாயக்கழிவால் நிறம் மாறியதை நாம் அறிவோம். 2011 சனவரி 28ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதும் நாடறிந்த செய்தி. அந்த அனுபவத்தால் நம் மக்கள் நீரின் நன்மை தீமையை நிறத்தாலும் உப்புச் சுவையாலும் அளக்கப் பழகிவிட்டனர். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பென்று ஒதுக்குவோம்; ஆற்று நீர் இனிப்பென்று மகிழ்வோம். வயிற்றுப்போக்குக் கிருமிக்கோ நிறமுமில்லை, மணமுமில்லை, சுவையுமில்லை. பளிங்கு போன்ற நீரில் அது இருக்கலாம். கண்ணும் நாக்கும் இங்கே சான்றாக மாட்டா.

இரண்டாவது, நீர் வரும் முறை. குழாயில் நாள்தோறும் நீர் வாராத இடத்தில் மக்கள் குடத்திலும் டிரம்மிலும் சின்டெக்ஸ் தொட்டியிலும் பல நாள் சேர்த்து வைக்கின்றனர். நீர் நின்றிருக்கும் நேரத்தில் குழாயினுள் அழுத்தம் இல்லை. எங்கேனும் விரிசல் இருந்தால் அருகிலுள்ள சாக்கடை நீரைக் குழாய் உறிஞ்சிக்கொள்கிறது. மீண்டும் நீர் விடும்போது அவ்வழுக்கே முதலில் வருகிறது. வீட்டுக்கு வந்த பின்னரும், டம்ளரைப் பிடித்த கையோடு குடத்தில் முகந்தால் விரலிலுள்ள கிருமி நீரில் கலக்கிறது. ஊற்றுக்கண்ணில் தூயதாக இருந்த நீர் வீட்டுக் குடத்தில் மாசுறுவது இவ்வாறுதான்.

மூன்றாவது, நெருக்கம். லைன் வீடுகளில் பல குடும்பங்களுக்குச் சேர்த்து ஒரு கழிப்பிடம் இருக்குமாயின், கை கழுவும் இடமும் சோப்பும் அங்கே இருப்பதில்லை. கழிப்பிடத் தொட்டி நிரம்பி வழிந்தால் அது தெருவிலேயே ஓடும். மழைக்காலத்தில் அது எங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நான்காவது, தாயின் வேலை. பேறுகால விடுப்போ வேலை உறுதியோ இல்லாத தாய், குழந்தை பிறந்த சில மாதங்களில் செக்கிங், மடித்தல் வேலைக்குத் திரும்பிவிடுகிறாள். தாய்ப்பால் நின்று புட்டிப்பால் தொடங்குகிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால் குழந்தைக்குத் தனியே தண்ணீர்கூட வேண்டியதில்லை; மாசுற்ற நீர் அதன் வாயை அடைவதே இல்லை. புட்டி வந்ததும் அந்தக் கோட்டை இடிகிறது. குற்றம் தாயினுடையது என்று எவரேனும் கூறினால் நாங்கள் ஒப்பமாட்டோம். கூலியும் விடுப்பும் அவள் கையில் இல்லை.

சாதியும் தூய்மையும்

தோழர்களே! நோய் வந்த குடியிருப்பைப் பார்த்து, 'அவர்கள் சுத்தமற்றவர்கள், அதனால் வருகிறது' என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். நம்மில் படித்துவிட்ட சிலரும் அவ்வாறே பேசத் தொடங்கியுள்ளனர். இதற்கு மறுமொழி கூறாமல் நாங்கள் மேடையைவிட்டு இறங்க மாட்டோம்.

1927 மார்ச் 20ஆம் நாள், மகாத் நகரின் சவுதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் தம் மக்களுடன் இறங்கி ஒரு கை நீர் அள்ளிப் பருகினார். பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. ஆயினும் அவர் பருகியதால் குளம் தீட்டுப்பட்டதென்று கூறி, பசுவின் சாணமும் சிறுநீரும் பாலும் தயிரும் கலந்த 108 குடங்களைக் குளத்தில் கொட்டிச் சாதி இந்துக்கள் 'தூய்மை' செய்தனர். குடிநீரில் சாணத்தைக் கொட்டுதல் தூய்மையா, மனிதன் கை நனைத்தல் அழுக்கா? மருத்துவ நூல் இதற்கு ஒரே விடைதான் தரும். பம்பாய் உயர்நீதிமன்றம் 1937இல் நம் மக்களின் உரிமையை நிலைநாட்டிற்று. நம் சென்னை மாகாணத்திலும், பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை அனைவரும் பயன்படுத்தும் உரிமைக்கான தீர்மானத்தை 1924இல் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள்.

நூறாண்டு கடந்தது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அங்குள்ள பட்டியல் சாதி மக்களின் குழந்தைகள் காய்ச்சலாலும் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் அடுத்தடுத்து நோயுற்றனர். குடிநீரில் கேடு இருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயுற்றனர். டிசம்பர் 26ஆம் நாள் குடியிருப்பு மக்கள் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின்மீது ஏறிப் பார்த்தபோது, அதில் மனித மலம் கலக்கப்பட்டிருந்ததைக் கண்டனர். வழக்கு 2023 சனவரியில் குற்றப் புலனாய்வுத் துறையின் தனிப்பிரிவான சி.பி.சி.ஐ.டி.யிடம் ஒப்படைக்கப்பட்டது. 2025 சனவரியில் அத்துறை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மீது குற்றப்பத்திரிகை அளித்தது. குடியிருப்பு மக்கள் அதனை ஏற்க மறுத்தனர்.

வழக்கைப் பற்றி இம்மேடையில் வாதிட நாங்கள் முற்படவில்லை. நாம் கற்கவேண்டிய பாடம் வேறொன்று. அங்கே முதலில் பேசியது குழந்தைகளின் வயிறு. ஒரே தொட்டியின் நீரைக் குடித்தோர் ஒரே காலத்தில் நோயுற்றனர் என்னும் எண்ணிக்கையே உண்மையின் கதவைத் திறந்தது. அவர்கள் 'ஏதோ சீக்கு' என்று வாளாவிருந்திருந்தால் தொட்டியின்மேல் எவரும் ஏறியிருக்க மாட்டார். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பயன்படுத்தும் நீர்நிலையை மாசுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

வேங்கைவயல் போன்ற கொடுமை அரிது. அன்றாடம் நடப்பது சத்தமில்லாத கொடுமை. ஊரின் தெருவுக்கு முதலில் குழாய். வளவுக்கும் காலனிக்கும் கடைசியில் குழாய். குழாயின் கடைக்கோடியில் அழுத்தமும் குறைவு, குளோரினும் குறைவு. சாக்கடை ஊருக்குள் தொடங்கி நம் குடியிருப்பருகே முடிகிறது. ஊராரின் கழிவை அள்ளிய கைகள் நம்மவர் கைகள். அக்கைகளைக் கழுவ நீர் தராத சமூகமே நம்மைச் சுத்தமற்றோர் என்கிறது. நோய்க்குக் காரணம் பிறப்பன்று. குழாய், சாக்கடை, கூலி ஆகிய மூன்றின் பங்கீடு. பங்கீட்டை மாற்றினால் நோயும் மாறும்.

எண்ணும் கலை

எப்படி மாற்றுவது? அறிவியல் வழி ஒன்றை இளைஞர்களுக்குச் சொல்கிறோம்.

1854இல் இலண்டன் மாநகரின் சோகோ பகுதியில் காலரா பரவிப் பத்து நாட்களில் 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றே காரணம் என்று அந்நாளைய அறிஞர் பலர் நம்பினர். ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் வீடு வீடாகச் சென்று, மாண்டவர் எந்த நீரைக் குடித்தனர் என்று கேட்டுக் குறித்தார். பிராட் தெருவின் கைப்பம்பைச் சுற்றியே சாவுகள் குவிந்திருந்தன. அருகிலேயே 535 பேர் தங்கியிருந்த ஏழைகள் விடுதியில் மாண்டோர் ஐவர் மட்டுமே. அவ்விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. பக்கத்து மதுவடிப்பாலைத் தொழிலாளர் ஒருவரும் மாளவில்லை. அவர்கள் அந்தப் பம்பின் நீரைத் தொடவில்லை. காற்று எல்லார்க்கும் ஒன்றே, நீர் மட்டும் வேறு. செப்டம்பர் 8ஆம் நாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. காலராக் கிருமியை இராபர்ட் காக் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதிப்படுத்தியது அதற்கு 30 ஆண்டுகளுக்குப் பின், 1884இல்தான். கிருமியைக் காணாமலேயே, கணக்கினால் நோயின் வாயிலை அடைத்தார் ஸ்நோ.

இதனை நம் இளைஞர்களும் செய்யலாம். ஒரு குறிப்பேடும் பேனாவும் போதும். நம் குடியிருப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள். நோயுற்றோரை மட்டும் எண்ணினால் பயனில்லை. எத்தனை பேரில் எத்தனை என்பதே கணக்கு. பின்னர், கடந்த இரண்டு வாரத்தில் எவருக்கு வயிற்றுப்போக்கு வந்தது என்று தாய்மாரிடம் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் கேட்டால் நினைவு பிசகும். அடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்: குடிநீர் எங்கிருந்து வருகிறது? எத்தனை நாளைக்கு ஒருமுறை? மூடி வைக்கிறீர்களா? அகப்பையால் முகக்கிறீர்களா, டம்ளராலா? கழிப்பிடம் உண்டா? அங்கே சோப்பு உண்டா? குழந்தைக்குத் தாய்ப்பாலா, புட்டிப்பாலா?

எடுத்துக்காட்டாக, 60 குழந்தைகள் உள்ள ஒரு குடியிருப்பில் ஆறு பேருக்கு நோய் வந்ததென்று கொள்வோம். இது 100க்கு 10. அறுபதில் முப்பது குழந்தைகள் ஒரு தொட்டியின் நீரையும், முப்பது குழந்தைகள் மற்றொரு தொட்டியின் நீரையும் குடிக்கின்றனர். முதல் முப்பதில் ஐவர் நோயுற்றனர். இரண்டாம் முப்பதில் ஒருவர். அப்படியாயின் முதல் தொட்டி நீரைக் குடிப்போர்க்கு இடர் ஐந்து மடங்கு. உடனே தீர்ப்புக் கூறிவிடலாகாது. எண்ணிக்கை சிறிதாயின் தற்செயலும் விளையாடும். அந்த முப்பது வீடுகளில் கழிப்பிடமும் இல்லாமலிருக்கலாம். ஆகவே அடுத்த மாதமும், மழைக்காலத்திலும், கோடையிலும் திரும்ப எண்ணுங்கள். மூன்று முறையும் அதே தொட்டி அகப்பட்டால், அத்தாளைக் கையில் ஏந்தி அலுவலர் முன் நிற்கலாம். 'எங்கள் குழந்தைகளுக்குச் சீக்கு' என்னும் முறையீட்டை ஒதுக்கிவிடும் அலுவலர்க்கும், 30இல் ஐவர் என்னும் கணக்கை ஒதுக்குதல் அரிது.

உயிர் காக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல்

நீர் வற்றுதலே கொல்கிறது என்று தொடக்கத்தில் கூறினோம். அப்படியாயின் இழந்த நீரைத் திருப்பித் தருவதே மருத்துவம். வெறும் நீரை நோயுற்ற குடல் போதிய அளவு உறிஞ்சாது. சர்க்கரையும் உப்பும் உரிய அளவில் சேர்ந்தால், சர்க்கரை உப்பையும், உப்பு நீரையும் உடலுக்குள் இழுத்துச் செல்கின்றன.

1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது, எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்தது. டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே வாய்வழியாகப் புகட்டச் செய்தார். 100க்கு 30 ஆக இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கிற்று. மருத்துவர் அல்லாதாரும் உயிர் காக்க முடியும் என்பதை உலகம் அங்கே கற்றது. 2022இல் அவர் மறைந்தார். 2023இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பெற்றது.

இன்று அக்கரைசலுக்குரிய பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆயினும் 2019-21 ஆய்வின்படி, நாட்டில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் இதனைப் பெற்றவர் 100க்கு 60.6 பேரே. துத்தநாக மாத்திரை பெற்றவர் 30.5 பேரே. எஞ்சியோருக்குக் கிடைக்காமற்போனதற்கு விலை ஒரு காரணமன்று. செய்தி சென்றடையாமையே காரணம். செய்தியைக் கொண்டு சேர்ப்பது கல்விக் கழகத்தின் பணியன்றோ?

ஆகவே தாய்மார்கள் கவனிக்க வேண்டுகிறோம். பொட்டலத்தின்மேல் எழுதியுள்ள அளவு நீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். கொதித்து ஆறிய நீர் நன்று. கலக்கிய கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது. பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பு மிகுந்தால் தீங்கு, அளவு தவறலாகாது. சிறு சிறு மிடறாகக் கரண்டியால் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், ஆறு மாதம் கடந்த குழந்தைக்குக் கஞ்சி, பருப்புச் சோறு, வாழைப்பழம் கொடுங்கள். வயிறு காயட்டும் என்று பட்டினி போடுவது நோய்க்குத் துணைபோவதாகும். துத்தநாக மாத்திரையை நோய் நின்ற பின்னரும் 14 நாள் முடியக் கொடுக்க வேண்டும்.

தொக்கம் எடுத்தல், குடல் தட்டுதல், வயிற்றில் சூடு போடுதல் ஆகியவற்றால் ஒரு சொட்டு நீரும் உடலுக்குத் திரும்பாது. பல் முளைப்பதால் பேதி என்று காத்திருப்பதும் பிழை. மருந்துக் கடையில் தாமாகவே வாங்கும் நிறுத்து மாத்திரை குழந்தைகளுக்கு ஆகாது. கண் குழிந்து, அழும்போது கண்ணீர் வாராமல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெல்லத் திரும்பி, குழந்தை சோர்ந்து பருக இயலாமற் கிடந்தால், அல்லது மலத்தில் இரத்தம் கண்டால், ஒரு நொடியும் தாழ்க்காது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; 108ஐ அழையுங்கள். வழியெல்லாம் கரைசலைக் கொடுத்துக்கொண்டே செல்லுங்கள்.

ரோட்டா வைரசுக்குத் தடுப்பு மருந்து தமிழகத்தில் 2017 முதல் அரசால் இலவசமாக வழங்கப்பெறுகிறது. ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களில் வாய்வழி அளிக்கப்பெறும் மருந்து அது. பிறந்த ஊருக்கும் பிழைக்க வந்த ஊருக்குமிடையே அலையும் குடும்பங்களின் குழந்தைகளே தவணையைத் தவற விடுகின்றனர். அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது நம் கடமை.

இளைஞர்களுக்குரிய பணிகள்

வெள்ளிவிழாவின் நினைவாக நான்கு பணிகளை உங்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது, மேலே கூறிய கணக்கெடுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடத்தி, முடிவை நம் படிப்பகச் சுவரில் எழுதி வைப்போம்.

இரண்டாவது, குடிநீர்ச் சோதனை. குழாயின் கடைக்கோடி வீட்டிலும் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையலாகாது என்பது இந்தியத் தர விதி. சிறு சோதனைப் பெட்டியால் இதனை ஒரு நிமிடத்தில் அறியலாம். மலக் கலப்பு இருந்தால் கறுத்துக் காட்டும் ஹைட்ரசன் சல்பைடு குப்பியும் உண்டு. அம்முறையை 1982இல் உலகுக்கு அளித்தவர்கள் நம் நாட்டு அறிவியலாளரே. தொட்டியைக் கழுவிய தேதி அதன்மேல் எழுதப்பட்டிருக்கிறதா, எழுதியபடி கழுவப்பட்டதா என்பதையும் கண்காணிப்போம்.

மூன்றாவது, கிராம சபை. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22இலும், நவம்பர் 1இலும் தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. அங்கே கையொப்பமிட்டுத் திரும்பும் வழக்கத்தை விடுத்து, கணக்கைப் படித்துக் காட்டித் தீர்மானமாக எழுதச் செய்வோம். சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் ஒன்றாகச் செல்லும் இடங்களின் பட்டியலை எழுத்தில் கொடுப்போம். எழுத்தில் கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புகை பெறுவோம்.

நான்காவது, கை கழுவும் இடம். மலம் கழித்த பின்னும், குழந்தையின் மலத்தைத் துடைத்த பின்னும், சமைக்குமுன்னும், ஊட்டுமுன்னும் சோப்பினால் கை கழுவினால் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. பொதுக் கழிப்பிடந்தோறும் ஒரு நீர்க்குழாயும் ஒரு சோப்பும் வைப்பதற்குப் பெருஞ்செலவாகாது. இதனைக் கழகமே ஏற்கலாம். ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: குழாயில் நீர் வாராத தெருவில் கை கழுவச் சொல்வது உபதேசமாகவே முடியும். ஆகவே நான்காம் பணி மூன்றாம் பணியைச் சார்ந்தது. சோப்பு நம் பொறுப்பு. நீர் அரசின் பொறுப்பு. ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டுவிட்டால் இரண்டும் கெடும்.

நண்பர்களே! இக்கழகம் தோன்றியபோது நம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. இன்று அவர்கள் கணக்கும் அறிவியலும் கற்றுவிட்டனர். கற்ற கணக்கு தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல் நம் குடியிருப்பின் குடத்தையும் தொட்டியையும் தொட வேண்டும். அடுத்த கோடைக்குள் முதற் கணக்கெடுப்பு முடியுமாயின், அதன் முடிவைக் கேட்க இதே மேடைக்கு வர நாங்கள் அணியமாக இருக்கிறோம். பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் தரலாம்.